மூன்றாவது தட்டு

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் என் வீட்டுக்கு வரலாம். ஒரு நீலச் சட்டையை எடுத்துக் காட்டுகிறேன். இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். தைத்துத் தருகிறேன் என்றாள் என் மனைவி. வேண்டாம் என்றேன். அப்படியானால் தூக்கிப் போடுங்கள் என்றாள். அதையும் செய்யவில்லை. எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சட்டைதான். நடந்தது நடுராத்திரியில் இல்லை. சுடுகாட்டிலும் இல்லை. பட்டப்பகலில்... மத்தியானம் மூன்றே கால் மணிக்கு.

நான் கார் மெக்கானிக். எஞ்சின், பிரேக் எல்லாம் என் வேலை. வயரிங், பேட்டரி, லைட் எல்லாம் என் மச்சினன் வேலை. என் மனைவியின் தம்பி அவன். ஒரே ஷெட்டில்தான் இருந்தோம். ஆனால் அந்தச் சமயத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் சொத்துத் தகராறு இல்லை. ஒரு கால்.

பிரேக்கில் ஏர் எடுப்பது என்று ஒரு வேலை உண்டு. பிரேக் குழாய்க்குள் ஆயில்தான் இருக்க வேண்டும். காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்கு உட்பக்கம் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு, மறுபடி மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போச்சு. போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். கீழே கிடப்பவனுக்கு மேலே இருப்பவன் முகம் தெரியாது. அவன் காலை நம்பித்தான் படுக்க வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட வேனில் வேலை நடக்கும்போது மச்சினன் போனைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்துவிட்டான். வண்டிக்காரர் முன்னால் வைத்தே, "கால் நிக்காத பய" என்று நான் திட்டினேன். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. அவன் கையிலிருந்த டெஸ்டரைத் தரையில் போட்டான்.

"அப்ப நீங்களே மேல மிதிச்சு நீங்களே கீழயும் படுத்துக்கோங்க மாமா" என்றான்.

அன்றோடு சரி.

ஆனால் வயிறு இருக்கிறதே, வேலை நிற்க முடியுமா? பேசாமலே வேலை பார்க்கப் பழகிக்கொண்டோம். எதையாவது சொல்ல வேண்டும் என்றால் என் மனைவியிடம் சொல்வோம். "நான் என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல தந்திக் கம்பமா?" என்பாள். அவளும் இல்லாவிட்டால் வண்டியிடம் சொல்வோம். ஜாடைப் பேச்சுதான். "சில பேருக்கு ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாது" என்று அவன் பானெட்டிடம் சொல்வான். "சில பேருக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாது" என்று நான் டயரிடம் சொல்வேன்.

ஏர் எடுக்கும்போது ஜாடை உதவாது. அதற்குத் தட்டு வைத்துக்கொண்டோம். கீழேயிருந்து நான் ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் 'மிதி'. இரண்டு தட்டினால் 'விடு'. மேலேயிருந்து அவன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் 'பிடிச்சிருக்கேன்'. இரண்டு தட்டினால் 'விட்டாச்சு'. அவ்வளவுதான் எங்கள் பாஷை.

மூன்று தட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மேட்டில் பெரிய பங்களா. அங்கே பல வருஷமாக நிற்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று சொன்னாள்.

"போறது ரெண்டு பேரு. திரும்பி வர்றதும் ரெண்டு பேரா வரணும். வழியில அடிச்சுக்கிட்டு ஒருத்தர் மட்டும் வந்தீங்கன்னா, வந்தவர் யாரா இருந்தாலும் நான் விடமாட்டேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள்.

வீட்டில் யாரும் இல்லை. சாவி வைத்திருந்த காவலாள் மட்டும் இருந்தார். முகம் கொடுத்துப் பேசாத மனுஷன். கராஜ் ஷட்டரை அவரே தூக்கினார். உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றபடியே ஒரே ஒரு விஷயம் சொன்னார்.

"ஒருத்தர் மட்டும் உள்ள இருக்கக் கூடாது. இருந்தா ரெண்டு பேரும் இருங்க. வந்தா ரெண்டு பேரும் வெளிய வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஒருவன் தனியாக இருந்தால் எதையாவது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. "இங்க திருடுறதுக்கு என்ன இருக்கு, தூசியா?" என்று மச்சினன் ஷட்டரைப் பார்த்துச் சொன்னான். ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவன் சொன்ன பேச்சு எனக்குப் பிடித்தது. காவலாள் கேட் பக்கம் போய்விட்டார்.

வண்டி மஞ்சள் நிறம். இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்திருந்தது, பாயப் போகிற மாதிரி. நான்கு டயரும் காற்று இறங்கிச் சப்பையாகி இருந்தன. தூசி ஒரு விரல் தடிமன். இப்படி வருஷக்கணக்கில் நின்ற வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் வியாதி ஒன்றுதான். பேட்டரி செத்திருக்கும். பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடிக்கும். எஞ்சின் துருவேறி இறுகியிருக்கும். எலி வயரையெல்லாம் கடித்துக் கூடு கட்டியிருக்கும்.

இதில் பேட்டரி செத்திருந்தது. பெட்ரோலும் கெட்டிருந்தது.

எலி மட்டும் இல்லை.

ஒரு வயர்கூடக் கடிபடவில்லை. ஒரு புழுக்கை இல்லை. சிலந்தி வலைகூட இல்லை. கராஜின் மற்ற மூலைகளில் எல்லாம் வலை தொங்கியது. வண்டிக்குப் பக்கத்தில் மட்டும் சுத்தமாக இருந்தது. மச்சினன் வயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சரியமா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றினேன். ஒரு மணி நேரம் ஊறினால்தான் இளகும் என்று நினைத்தேன். சும்மா பார்க்கலாமே என்று ஸ்பேனரை மாட்டிச் சுற்றினேன். எஞ்சின் வழுக்கிக்கொண்டு சுற்றியது. நேற்றுத்தான் நிறுத்தி வைத்த மாதிரி.

அப்புறம் சீட்.

வண்டி முழுக்கத் தூசி. டிரைவர் சீட்டில் மட்டும் இல்லை. தோல் பளபளவென்று இருந்தது. மச்சினன் துடைத்திருப்பான் என்று நினைத்தேன். நான் துடைத்திருப்பேன் என்று அவன் நினைத்தானாம். பின்னால்தான் தெரிந்தது. பேசாமல் இருந்தால் இதுதான் கதி. எல்லாவற்றுக்கும் எதிராளிதான் காரணமாகத் தெரிவான்.

அவன் உயரமானவன். உட்கார்வதற்காகச் சீட்டைப் பின்னால் தள்ளினான். இறங்கிப் போய் வயரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. சீட் முன்னால் வந்திருந்தது. மறுபடி தள்ளினான். அடுத்த முறையும் அதே மாதிரி.

"சில பேருக்கு விளையாட இதுதான் நேரம்" என்றான் ஸ்டீயரிங்கிடம்.

"எவன் விளையாடுறான்? வேலையப் பார்க்கச் சொல்லு" என்றேன் நான் எஞ்சினிடம்.

எனக்கும் எரிச்சல்தான். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பது என் பழக்கம். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் இறங்கும், ஆள் மேல் இறங்காது. அன்றைக்கும் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சக்கரம் சுவரோரமாக நிற்கிறது. மறுபடி கொண்டுவந்து வைத்தேன். இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

புது பேட்டரி போட்டு, புது பெட்ரோல் ஊற்றி, இரண்டே கால் மணிக்கு எஞ்சின் ஓடியது. சத்தம் கராஜுக்குள் உறுமியது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு என்னவோ பிடரி மயிர் சிலிர்த்தது. நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

பாக்கி இருந்தது பிரேக்தான். பெடல் தரை வரைக்கும் போனது. ஏர் எடுக்க வேண்டும்.

பின் சக்கரம் இரண்டும் சரியாகவே முடிந்தன. என் ஸ்பேனர் 'டிங்'. அவன் பிடி 'டொக்'. டிங் டிங். டொக் டொக். ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் கால் கல் மாதிரி நின்றது. இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் பேசிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

முன் சக்கரத்துக்கு ஜாக்கி போட்டேன். சக்கரத்தைக் கழற்றி அடியில் படுக்க வைத்தேன். இதை நான் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். வண்டி ரொம்பத் தாழ்வு. நிப்பிளுக்குக் கை எட்டத் தலை, தோள், நெஞ்சு வரை உள்ளே போக வேண்டும். மல்லாந்து படுத்து நுழைந்தேன். மணி மூன்று அடித்துக் கொஞ்சம் ஆகியிருக்கும்.

ஒரு தட்டு தட்டினேன். டிங்.

மேலேயிருந்து ஒரு தட்டு வந்தது.

தொப்.

டொக் இல்லை. தொப். குதிகாலால் தரையை உதைத்த மாதிரி. கொழுப்பைப் பார் என்று நினைத்தேன்.

நிப்பிளைத் திறந்தேன். ஆயில் வந்தது. கறுப்பாக. கையில் பட்டது சில்லென்று இருந்தது. அவ்வளவு நேரம் அந்தக் கராஜ் அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது...

மூடவில்லை இன்னும். பெடல் மேலே போனது.

'ஸ்ர்ர்' என்று காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. காலை எடுத்துவிட்டான்.

"கால் நிக்காத ஜென்மம்" என்றேன். இந்த முறை டயரிடம் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னேன்.



மறுபடி ஒரு தட்டு. டிங்.

நான் தட்டி முடிப்பதற்குள்ளேயே பெடல் இறங்கியது. வெறி பிடித்த மாதிரி. நிப்பிளிலிருந்து ஆயில் பீய்ச்சி என் கன்னத்தில் அடித்தது. இறங்கியது, ஏறியது, இறங்கியது, ஏறியது... யாரோ ஆத்திரம் தீர மிதிக்கிறார்கள்.

டிங் டிங். விடு.

மிதி நின்றது.

தொப்.

தொப்.

தொப்.

மூன்று.

நான் எண்ணியது தப்போ என்று நினைத்தேன். அசையாமல் கிடந்தேன். என் தலைக்கு நேர் மேலே, தகட்டுக்கு அந்தப் பக்கம்...

தொப். தொப். தொப்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருஷக் கோபமும் வாய்க்கு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினேன்.

"மூணு தட்டுன்னா என்னடா?"

சத்தமே இல்லை.

இவன் சட்டையைப் பிடித்துக் கேட்காமல் விடுவதில்லை என்று முதுகால் தேய்த்துக்கொண்டு வெளியே நகர்ந்தேன். பயத்தில் இல்லை. கோபத்தில்தான் நகர்ந்தேன். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இதை இன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நெஞ்சு வெளியே வந்தது. கழுத்து வந்தது. தலை வந்தது.

ஸ்ஸ்ஸ்...

ஜாக்கி.

வண்டி இறங்கியது. தோளில் சட்டை மாட்டியது. இழுத்தேன். கிழிந்தது. என் காதுக்குப் பக்கத்தில் இரும்பு தரையில் மோதியது.

அடியில் நான் படுக்க வைத்த சக்கரம் அங்கே இல்லை. சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது.

"டேய்" என்று எழுந்தேன். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தது.

சீட்டில் யாரும் இல்லை.

தோல் அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே... மெதுவாக... மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் எழும்புமே, அப்படி.

ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

அப்போது கீழேயிருந்து சத்தம் வந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து. நான் விட்டுவிட்டு வந்த என் ஸ்பேனர். இறங்கிய வண்டிக்கும் தரைக்கும் நடுவில் ஒரு கை நுழைய இடம் இல்லை.

டிங்.

ஒரு தட்டு.

'மிதி.'

ஓடினேன்.

கேட் பக்கம் ஓடும்போது எதிரில் மச்சினன் வந்தான். கையில் பிரேக் ஆயில் டப்பா. அவன் பின்னால் மூச்சிரைக்க மேட்டடியில் இருக்கும் பார்ட்ஸ் கடைக்காரர். எப்போதும் தொப்பி போட்டிருப்பார், அதனால் தொப்பிக்காரர் என்போம். அன்றைக்குத் தொப்பி இல்லை. நான் எதையும் யோசிக்கவில்லை. மச்சினன் சட்டையைப் பிடித்தேன்.

"கொல்லப் பார்த்தியா? ஜாக்கிய ஏண்டா இறக்கின?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நானா? மாமா, நான் இங்க இல்லவே இல்ல."

"பொய் சொல்லாத."

"ஆயில் தீர்ந்துடுச்சு. கடைக்குப் போனேன். பின் சக்கரம் முடிஞ்சதுமே போயிட்டேன். அப்ப கேட்ல யாரும் இல்ல."

"சொல்லிட்டுப் போக வாய் இல்லையா?"

"நாமதான் பேச மாட்டோமே" என்றான்.

அவன் சொன்னது நியாயம்தான். முன் சக்கரத்துக்கு அடியில் நுழையும்போது சீட்டில் ஆள் இருக்கிறானா என்று நானும் பார்க்கவில்லை.

தொப்பிக்காரர் என் கையை விலக்கினார். "அவனை விடு. இவ்வளவு நேரமும் என் கடையிலதான் நின்னான். எந்த வீட்டுக்குன்னு பேச்சுவாக்குல கேட்டேன். சொன்னான். உள்ள மாமா இருக்காரான்னேன். ஆமா, தனியாத்தான் இருக்கார்ன்னான். கடையை அப்படியே போட்டுட்டு ஓடி வரேன்."

காவலாள் என் தோளைப் பார்த்தார். போய் ஷட்டரை இறக்கினார். எங்கள் ஜாக்கி, ஸ்பேனர், பேட்டரி எல்லாம் உள்ளேதான் இருந்தன. எடுக்கப் போகட்டுமா என்று நாங்கள் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரும் சொல்லவில்லை.

மேட்டிலிருந்து இறங்கும் வழியில் ஒரு பாலத்தின் கட்டையில் உட்கார்ந்தோம். தொப்பிக்காரர் அங்கேதான் சொன்னார்.

எங்களுக்கு முன்னால் அந்த வண்டியில் பிரேக் வேலை பார்த்தவர்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர். இரண்டு பேரும் அவரிடம்தான் சாமான் வாங்குவார்கள். நல்ல வேலைக்காரர்கள். ஆனால் தம்பி கல்யாணத்தில் ஏதோ சண்டையாகி, பேச்சுவார்த்தை இல்லை.

"பேசிக்க மாட்டாங்க. என் கடைக்கு வந்தா தனித்தனியா நின்னு, தனித்தனியா கேப்பாங்க. உங்கள மாதிரியேதான்" என்றார்.

தம்பி அடியில் படுத்திருந்தான். ஜாக்கி இறங்கிவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்தது.

"அண்ணன்காரன் குழாயடியில கை கழுவிட்டிருந்தேன், நான் சீட்லயே இல்லன்னான். யார் நம்புவா? உள்ள இருந்தது ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். பெத்த தாயே அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா. ஜெயில்லதான் செத்தான்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேர் மனசிலும் ஒரே முகம்தான் வந்திருக்கும். வாசலில் நின்ற என் மனைவியின் முகம். ஒருத்தர் மட்டும் வந்தால், வந்தவர் யாராக இருந்தாலும் விடமாட்டேன் என்றவள். நான் அங்கே நசுங்கிக் கிடந்திருந்தால், ஆயில் டப்பாவோடு தனியாக அவள் முன்னால் இவன்தான் போய் நின்றிருப்பான். கடையில் இருந்தேன் என்று சொல்லியிருப்பான். அவளும் நம்பியிருக்க மாட்டாள். நானே நம்பவில்லையே.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்" என்றான்.

"போலாம் மாப்ள" என்றேன்.

எழுந்தோம். தொப்பிக்காரர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி.

"நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். "அண்ணன் ஒண்ணு சொன்னான். அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் மறக்கல. கை கழுவிட்டிருக்கும்போது உள்ளேயிருந்து தம்பி சத்தம் கேட்டுச்சாம். ரொம்ப நாளைக்கு அப்புறம் தம்பி அவன்கிட்டப் பேசின முதல் பேச்சு. கடைசிப் பேச்சும் அதுதான். அதுக்கு என்ன அர்த்தம்னு ஜட்ஜு கேட்டார். அவனுக்கே தெரியல. அழுதுட்டான்."

"என்ன பேச்சு?" என்றான் மச்சினன்.

"மூணு தட்டுன்னா என்னடா."

பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே நான் கத்தியதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தட்டு கேட்டது என்றுகூட இன்னும் சொல்லவில்லை. ஜாக்கி இறங்கியது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

பாதி தூரம் நடந்த பிறகு மச்சினன் மெதுவாகக் கேட்டான். "மாமா... நீங்க உள்ள இருக்கும்போது ஏதாவது தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"இல்லையே" என்றேன்.

இன்றைக்கு வரை அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். இப்போதெல்லாம் நாங்கள் தட்டுவதில்லை. கத்திக் கத்திப் பேசிக்கொண்டேதான் ஏர் எடுக்கிறோம். ஷெட்டே அதிரும். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

போன வாரம் அடியில் நான் கிடந்தேன். மேலே மச்சினன் இருந்தான். பேசிக்கொண்டே மிதித்தான், விட்டான். முடித்துவிட்டு வெளியே வந்ததும் கேட்டான்.

"வாய்தான் இருக்கே மாமா. அப்புறம் ஏன் கீழேயிருந்து ஒரு தட்டு தட்டினீங்க?"

என் ஸ்பேனர் கடைசி வரை நிப்பிளிலேயே மாட்டியிருந்தது. அன்றைக்கு நான் எதையும் தட்டவே இல்லை.